முதல் பத்து லிட்டர்: வீட்டில் பீர் போடப் பழகுகிறவர்களுக்கு

பிப்ரவரி மாதம், ராத்திரி பதினொரு மணி. தெரிந்த தம்பி ஒருவர் போன் செய்தார்.

“அண்ணே, ஈஸ்ட் போட்டு முப்பது மணி நேரமாச்சு. ஒரு குமிழிகூட வரல. எல்லாத்தையும் கொட்டிடவா?”

“எதையும் கொட்டாத. வாளியை எங்க வெச்சிருக்க?”

“கராஜ்லண்ணே. வீட்டுக்குள்ள வாடை வரும்னு அவ சொல்றா.”

“கராஜ்ல எத்தனை டிகிரி இருக்கும்?”

“எட்டு.”

“எட்டு டிகிரில இட்லி மாவு பொங்குமா? தூக்கிட்டு வந்து ஹால்ல வை. போர்வை ஒண்ணு சுத்து. நாளைக்குப் பேசு.”

மறுநாள் சாயங்காலம் பேச்சு வரவில்லை, படம் வந்தது. வாளிக்குள் நாலு விரல் உயரத்துக்கு நுரை.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது செய்முறையைத்தான். எந்த மால்ட் (முளைகட்டிய பார்லி), எந்த ஹாப்ஸ் (கசப்புக்குப் போடும் பூ), எத்தனை கிராம் என்பார்கள். முதல் பீர் கெட்டுப்போவது அதனால் அல்ல. பாத்திரத்தில் கிருமி இருந்ததால் கெடும். ஈஸ்ட்டை வெக்கையிலோ குளிரிலோ விட்டதால் கெடும். பொறுக்கமாட்டாமல் சீக்கிரமே பாட்டிலில் அடைத்ததால் கெடும். அதனால் அடுப்பில் நடப்பதைக் கொஞ்சம் வேகமாகவும், அடுப்பை அணைத்த பிறகு நடப்பதை நிதானமாகவும் சொல்கிறேன்.

தொடங்குமுன் சட்டம். நான் இருப்பது இங்கிலாந்தில், கென்ட் பகுதியில். இங்கே 1880 முதல் வீட்டில் பீர் போடுவதற்கும் உரிமம் வாங்க வேண்டியிருந்தது. 1963 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அதை நீக்கினார். இப்போது வீட்டாரும் நண்பர்களும் குடிக்கத் தாராளமாகப் போடலாம். ஒரு பாட்டில்கூட விற்கக் கூடாது. காய்ச்சி வடிப்பது, அதாவது சாராயம் இறக்குவது, உரிமம் இல்லாமல் இங்கேயும் குற்றம். அமெரிக்காவில் 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வழிவிட்டது; வயது வந்தவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 100 காலன், இருவரோ மேலோ இருந்தால் 200 காலன் வரை. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் போடுவது குற்றம். அங்கே இருப்பவர்கள் தெரிந்துகொள்வதற்காக மட்டும் படியுங்கள். வேறு நாட்டில் இருந்தால் அந்த ஊர்ச் சட்டத்தைப் பார்த்த பிறகு வாளி வாங்குங்கள்.

ஊரில் யாரிடம் சொன்னாலும் அடுத்துக் கேட்பது, “விஷமாயிடாதா?” என்று. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போனதைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்காமல் இருக்க முடியாது. அங்கே கொன்றது மெத்தனால். ஆலைகளில் பயன்படும் அந்தத் திரவத்தைச் சாராயத்தில் கலந்துவிடும்போதுதான் இப்படிக் கொத்துக் கொத்தாகச் சாவு விழுகிறது. பார்லியை நொதிக்க வைக்கும்போது உண்டாவது எத்தனால். மெத்தனால் பொருட்படுத்தத்தக்க அளவில் வராது. நாம் எதையும் வடித்துச் செறிவாக்குவதும் இல்லை. ஆல்கஹால், ஹாப்ஸின் கசப்பு, லேசான அமிலத்தன்மை மூன்றும் சேர்ந்திருப்பதால் நோய்க்கிருமிகள் நன்றாக விளைந்த பீரில் வளர்வதில்லை. கெட்டுப்போன பீர் புளிக்கும், நாறும், குடிக்கப் பிடிக்காது. பூஞ்சணம் கண்டால் மட்டும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். இந்த வேலையில் மெய்யான ஆபத்து வேறு இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று கொதிக்கும் பெரிய பாத்திரம், இன்னொன்று வெடிக்கும் பாட்டில். இரண்டையும் அதனதன் இடத்தில் சொல்கிறேன்.

வாங்க வேண்டியவை

முதல் முறைக்கு 10 லிட்டர் போதும். கடைகளில் விற்கும் சாமான்கள் பெரும்பாலும் 23 லிட்டருக்கானவை. அவ்வளவு நீரை வீட்டு அடுப்பில் கொதிக்க வைப்பதும் பிறகு ஆற்றுவதும் புதியவருக்குப் பெரும்பாடு.

வீட்டில் விருந்துக்கு வைத்திருக்கும் பெரிய எவர்சில்வர் பாத்திரம் 19 லிட்டர் பிடிக்குமானால் அதுவே போதும். அதற்குள் விரித்துப் போடுகிற அளவுக்கு ஒரு நைலான் வலைப்பை வேண்டும். மால்ட்டைப் பைக்குள் போட்டு ஊறவைத்துப் பையோடு தூக்கிவிடும் இந்த முறை ஆஸ்திரேலியாக்காரர்கள் பரப்பியது. மூன்று பாத்திரத்தில் செய்த வேலையை ஒரே பாத்திரத்தில் முடித்துவிடலாம். நொதிக்க வைக்க, உணவுக்கு ஏற்ற பிளாஸ்டிக்கில் செய்த, மூடியுள்ள 15 லிட்டர் வாளி. மூடியில் செருக ஓர் ஏர்லாக், அதாவது உள்ளே உண்டாகும் வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத சின்ன நீரடைப்பு. தெர்மாமீட்டர், திரவம் தண்ணீரைவிட எவ்வளவு அடர்த்தி என்று காட்டும் ஹைட்ரோமீட்டர், பீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு இறக்கும் சைஃபன் குழாய், கிராம் காட்டும் சின்னத் தராசு. பழுப்பு நிற அரை லிட்டர் பாட்டில்கள் இருபது, மூடிகள், மூடியை அழுத்தும் கருவி.

பாத்திரமும் மூடி அழுத்தும் கருவியும் பழையதாகக் கிடைத்தால் வாங்குங்கள். வாளியை மட்டும் பழையதாக வாங்காதீர்கள். பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்திருக்கும், கிருமி அதற்குள் குடியிருக்கும், எந்த மருந்தும் அங்கே எட்டாது. புது வாளியையும் நார் போட்டுத் தேய்க்கக் கூடாது. மெல்லிய துணியோ பஞ்சோதான்.

பழுப்பு பாட்டில் அழகுக்காக அல்ல. ஹாப்ஸின் கசப்புப் பொருள் மீது வெளிச்சம் பட்டால் ஒரு கந்தக வாடை கிளம்பும். பழுப்புக் கண்ணாடி அந்த வெளிச்சத்தைத் தடுக்கிறது, பச்சையும் வெள்ளையும் தடுப்பதில்லை.

சரக்கு

நான் சொல்லப்போவது இங்கிலாந்துப் பப்புகளில் ஊற்றும் பிட்டர், ஏல் எனப்படும் பீர் வகையில் ஒன்று. வீட்டு வெப்பத்திலேயே விளையும், மூன்று நான்கு வாரத்தில் குடிக்கலாம், சின்னப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். லாகர் வகைப் பீர் வேண்டாம். அதற்கு வாரக்கணக்கில் குளிர்ச்சி வேண்டும், பிழை செய்தால் மறைக்க இடமும் இல்லை.

10 லிட்டருக்கு: மாரிஸ் ஆட்டர் மால்ட் 1 கிலோ 850 கிராம், நடுத்தர நிறக் கிரிஸ்டல் மால்ட் 150 கிராம், கிழக்கு கென்ட் கோல்டிங்ஸ் (East Kent Goldings) ஹாப்ஸ் 40 கிராம், உலர்ந்த ஆங்கில ஏல் ஈஸ்ட் ஒரு பாக்கெட். மால்ட்டைக் கடையிலேயே உடைத்துத் தரச் சொல்லுங்கள். மாவாக அரைக்கக் கூடாது, ரவைபோல் உடைந்து உமி முழுசாக இருக்க வேண்டும்.

மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லி. நம் வீடுகளில் கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்துக் குழந்தைக்கு மாவு அரைப்பார்களே, அதே வேலைதான். முளைக்கும்போது தானியம் தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் என்சைமைத் தயார் செய்துகொள்கிறது. உலர்த்தியதும் அது தூங்கிவிடும். வெந்நீர் பட்டதும் விழித்து வேலையைத் தொடரும். மாரிஸ் ஆட்டர் 1960களில் கேம்பிரிட்ஜ் பயிர்ப்பெருக்க நிலையத்தில் உருவான ரகம். விளைச்சல் அதிகமுள்ள ரகங்கள் பல வந்த பிறகும் இதன் பிஸ்கட் போன்ற சுவைக்காகவே இன்னும் பயிரிடுகிறார்கள். கொஞ்சம் விலை கூடுதல். எடுத்தவுடனே நல்ல மால்ட்டின் ருசி நாக்கில் பதிந்துவிட வேண்டும் என்பதால் புதியவர்களுக்கும் இதையே சொல்வேன்.

ஹாப்ஸ் கயிற்றில் சுற்றி ஏறும் ஒரு கொடியின் பெண்பூ. கசப்பு, மணம் இரண்டும் அதிலிருந்துதான். கென்ட்டில் இருப்பதால் இதைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் என்னால் போக முடியாது. எங்கள் ஊரைச் சுற்றிக் காரில் போனால் கூம்புக் கூரையும் அதன் உச்சியில் வெள்ளைத் தொப்பியும் வைத்த வட்டக் கட்டடங்கள் தென்படும். ஹாப்ஸ் பறித்து உலர்த்திய சூளைவீடுகள் அவை. இன்று பெரும்பாலும் குடியிருப்புகளாகிவிட்டன. இருபதாம் நூற்றாண்டின் பாதிவரை, செப்டம்பர் வந்தால் கிழக்கு லண்டனிலிருந்து குடும்பம் குடும்பமாக ரயிலேறி வந்து, கொட்டகைகளில் தங்கி, ஹாப்ஸ் பறித்துக் கூலி வாங்கிப் போவார்களாம். ஏழைகளுக்கு அதுதான் விடுமுறை. பறிக்கும் எந்திரங்கள் வந்து அந்த வழக்கம் ஓய்ந்தது. கோல்டிங்ஸ் பூவை உள்ளங்கையில் கசக்கி முகர்ந்தால் தேன், மண், லேசான மிளகுக் காரம் எல்லாம் சேர்ந்த ஒரு மணம் வரும். அந்த மணம் பிடித்துத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன்.

தண்ணீர். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் மால்ட்டோடு சேர்ந்தால் ஆஸ்பத்திரிக் கிருமிநாசினி வாடை வரும். எத்தனை மாதம் வைத்திருந்தாலும் அது போகாது. பீர் சாமான் கடையில் கேம்ப்டன் மாத்திரை கிடைக்கும். 15 லிட்டருக்குக் கால் மாத்திரையைப் பொடித்துப் போட்டுக் கலக்கினால் சில நிமிடத்தில் குளோரின் அடங்கிவிடும். கென்ட், லண்டன் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கெட்டிலின் அடியில் படியும் வெள்ளையே சாட்சி. அந்தத் தண்ணீர் போர்ட்டர் என்னும் கருநிறப் பீருக்கு வாய்த்தது, ஜிப்சம் கலந்த பர்ட்டன் ஊர்த் தண்ணீர் வெளிர்நிறக் கசப்பு ஏலுக்கு வாய்த்தது, உப்பு மிகக் குறைந்த, செக் நாட்டுப் பில்சன் ஊர்த் தண்ணீர் பொன்னிற லாகருக்கு. உப்புக் கணக்கெல்லாம் பிறகு பழகலாம். முதல் முறைக்குக் கால் மாத்திரை போதும்.

அடுப்பில்

ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள். சின்னப் பிள்ளைகளைச் சமையலறைக்கு வெளியே வையுங்கள். 15 லிட்டர் வெந்நீர் விளையாட்டுப் பொருள் அல்ல.

15 லிட்டர் நீரை 69 டிகிரிக்குச் சூடாக்கி அடுப்பை அணையுங்கள். பையை உள்ளே விரித்து, மால்ட்டைக் கொட்டிக்கொண்டே கட்டி தட்டாமல் கிண்டுங்கள். ராகிக் கூழ் கிண்டிய கைக்கு இது பழக்கம்தான். மால்ட் விழுந்ததும் வெப்பம் 66, 67க்கு இறங்கும். நமக்கு வேண்டியது அதுதான். இரண்டு என்சைம்கள் அங்கே வேலை செய்கின்றன. 65க்குக் கீழே ஒன்றின் கை ஓங்கும், சர்க்கரை முழுக்க ஈஸ்ட்டுக்கு இரையாகிப் பீர் வறண்டு நிற்கும். 68க்கு மேலே மற்றதன் கை ஓங்கும், ஈஸ்ட் தின்ன முடியாத சர்க்கரை மிஞ்சி வாயில் கனமாகத் தங்கும். 75ஐத் தாண்டினால் இரண்டும் ஓய்ந்துவிடும். மூடியைப் போட்டு, பாத்திரத்தைப் பழைய கம்பளியால் சுற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். அடுப்பு எரியும்போது கம்பளி பக்கத்தில் இருக்கக் கூடாது.

ஒரு மணி நேரம் கழித்து ஒரு கரண்டி எடுத்து ஆற்றிக் குடித்துப் பாருங்கள். மாவு ருசி போய்த் தித்திப்பாக இருக்கும். இதற்கு வோர்ட் என்று பெயர். பையைத் தூக்கி, பாத்திரத்தின் மேலேயே பிடித்து வடியவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு பிழியுங்கள்.

பிறகு கொதி. பொங்கி வரும் முதல் ஐந்து நிமிடம் பாத்திரத்தை விட்டு நகராதீர்கள். பால் பொங்குகிற மாதிரியே பொங்கும், ஆனால் அடுப்பில் ஒட்டினால் பாகுபோல் இறுகிவிடும். பொங்கு அடங்கியதும் 20 கிராம் ஹாப்ஸ் போட்டு மணியைப் பாருங்கள். அங்கிருந்து ஒரு மணி நேரம், மூடி போடாமல். மூடினால் ஆவியோடு போக வேண்டிய, வெந்த சோளம் மாதிரி வாடை உள்ளேயே தங்கிவிடும். கடைசிக் கால் மணி நேரத்தில் 10 கிராம், அடுப்பை அணைக்கும்போது மீதி 10 கிராம். முதலில் போட்டது கசப்புக்கு, நடுவில் போட்டது சுவைக்கு, கடைசியில் போட்டது மணத்துக்கு. தெளிவுக்காகக் கடற்பாசி மாத்திரையில் கால் பங்கை முடிவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போடுவது வழக்கம். போடாவிட்டாலும் ஒன்றும் கெட்டுவிடாது, கொஞ்சம் மங்கலாக இருக்கும்.

கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு

அடுப்பை அணைத்த நொடியிலிருந்து விதி மாறுகிறது. அதுவரை எதைத் தொட்டாலும் கொதி கொன்றுவிடும். இனி வோர்ட்டில் படுகிற ஒவ்வொன்றும், வாளி, மூடி, ஏர்லாக், குழாய், கரண்டி, தெர்மாமீட்டர், உங்கள் கை, கிருமி நீங்கியதாக இருக்க வேண்டும். கழுவுவது என்பது கண்ணுக்குத் தெரிகிற அழுக்கைப் போக்குவது. அழுக்கு இருக்கும் இடத்தில் கிருமிநாசினி வேலை செய்யாது என்பதால் முதலில் அது. பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம், அதன் பிசுபிசுப்பு பீரின் நுரையைக் கொல்லும். வெந்நீரில் கரைத்த பெர்கார்பனேட் தூள் நல்லது. அதன் பிறகு கிருமி நீக்க, அலசத் தேவையில்லாத அமிலத் திரவம் கிடைக்கிறது. நான் பயன்படுத்துவதை லிட்டருக்கு ஒன்றரை மில்லி கலக்க வேண்டும். உங்கள் புட்டியில் உள்ள அளவைப் படியுங்கள். அது நுரைத்துக்கொண்டு நிற்கும். அந்த நுரையைக் கண்டு பயந்து குழாய்த் தண்ணீரில் அலசிவிடாதீர்கள், செய்த வேலை வீணாகிவிடும். ஒரு தெளிப்பானில் நிரப்பிப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் தெளிக்க வேண்டும்.

வோர்ட்டை ஆற்றுவதற்குப் பாத்திரத்தை மூடி, சிங்க்கில் குளிர்ந்த நீரில் நிறுத்துங்கள். நீர் சூடானதும் மாற்றுங்கள், மூன்றாவது முறை ஐஸ் போடுங்கள். 20 டிகிரிக்கு வரும்வரை ஈஸ்ட்டைத் தொடக் கூடாது. சூட்டில் போட்டால் செத்துவிடும். சங்கப் பாட்டிலேயே வீட்டில் சமைத்த கள்ளுக்குத் தோப்பி என்றொரு பெயர் வருகிறது. அரிசிக் கள் செய்யும் முறையும் அங்கே இருக்கிறது: கூழைத் துழாவி, அகன்ற வாய்ப் பாத்திரத்தில் ஆறவைத்து, அதன் பிறகே நொதிக்க வைக்கும் அடையைக் கலந்து, இரண்டு பகல் இரண்டு இரவு கழித்துச் சாடியில் விளையவிட்டார்கள். ஆறிய பிறகே கலக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆறிய வோர்ட்டை வாளிக்கு மாற்றும்போது டீக்கடைக்காரர் டீ ஆற்றுகிற மாதிரி உயரத்திலிருந்து ஊற்றுங்கள். ஈஸ்ட் பெருக ஆக்சிஜன் வேண்டும், கொதியில் அது வெளியேறிவிட்டது. இந்த ஒரு முறைதான் காற்று நல்லது. நொதித்த பிறகு காற்று பட்டால் நனைந்த அட்டைப்பெட்டி வாடை வரும். ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு அளவைக் குறித்துக்கொள்ளுங்கள், 1.040 பக்கத்தில் காட்டும். வெறும் தண்ணீர் 1.000; சர்க்கரை கூடக் கூட எண் ஏறும், ஈஸ்ட் அதைத் தின்னத் தின்ன இறங்கும். ஈஸ்ட்டை மேலே தூவி, மூடி, ஏர்லாக்கில் தண்ணீர் ஊற்றுங்கள். பத்து லிட்டருக்குப் பாதி பாக்கெட்டே போதும்தான். பிரித்த பாக்கெட்டை வைத்திருந்து அடுத்த முறை போடுவதைவிட முழுவதையும் போட்டுவிடுவது நல்லது.

இரண்டு வாரம்

இனி வேலை ஈஸ்ட்டுடையது. அதற்கு நாம் தர வேண்டியது 18 முதல் 20 டிகிரி வரையிலான நிலையான வெப்பம்.

இங்கே எல்லோரும் ஏமாறும் ஒரு விஷயம், ஈஸ்ட் வேலை செய்யும்போது தானே சூடு உண்டாக்கும் என்பது. அறை 20 என்றால் வாளிக்குள் இரண்டு மூன்று டிகிரி கூட இருக்கலாம். அறையின் வெப்பத்தைப் பார்க்காதீர்கள். வாளியின் பக்கத்தில் ஒட்டும் பட்டைத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி ஒட்டி அதைப் பாருங்கள். 2022 ஜூலையில், இங்கிலாந்தில் முதன்முதலாக வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிய அந்த வாரம், என் வாளி மாடி அறையில் இருந்தது. அன்று போட்டதில் நகப்பூச்சு வாடை வந்தது. மூன்று மாதம் வைத்துப் பார்த்தேன், போகவில்லை. முதல் மூன்று நாளில் ஈஸ்ட் எந்தச் சூட்டில் ஓடியதோ அந்த வாடைதான் கடைசிவரை.

கோடையில் வாளியைத் தண்ணீர் நிரப்பிய பெரிய தொட்டியில் நிறுத்தி, உறையவைத்த பாட்டில்களைக் காலையும் மாலையும் மாற்றிப் போடுங்கள். குளிர்காலத்தில் போர்வை, அதுவும் போதாவிட்டால் வாளியைச் சுற்றிக் கட்டும் மின்பட்டை. மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரி பெரும்பாலான வீடுகளில் மிக நல்ல இடம். வெளிச்சமும் இல்லை, ஏற்ற இறக்கமும் குறைவு.

குமிழியை நம்பாதீர்கள். மூடியில் சின்ன இடைவெளி இருந்தால் வாயு அந்த வழியே போகும், ஏர்லாக் அசையாது, உள்ளே பீர் நன்றாகவே விளைந்துகொண்டிருக்கும். விளைந்து முடிந்த பிறகும், அறை சூடானால் குமிழி வரும். உண்மையைச் சொல்வது ஹைட்ரோமீட்டர் மட்டும். பத்தாம் நாள் ஒரு அளவு, மூன்று நாள் கழித்து இன்னொரு அளவு எடுங்கள். இரண்டும் ஒன்றாக, 1.010 பக்கத்தில் இருந்தால் முடிந்தது. தொடக்க அளவிலிருந்து இறுதி அளவைக் கழித்து 131ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம் வரும், 1.040இலிருந்து 1.010க்கு வந்திருந்தால் ஏறக்குறைய 3.9. அளவு பார்க்க எடுத்த பீரை வாளியில் திரும்ப ஊற்றாதீர்கள், குடித்துப் பாருங்கள். கேஸ் இல்லாமல் சப்பென்றிருக்கும், ஆனால் எந்தப் பக்கம் போகிறது என்று நாக்குக்குத் தெரிய வரும்.

1.020இலேயே நின்றுவிட்டால்? வாளியை 21 டிகிரி அறைக்கு மாற்றி, மூடியைத் திறக்காமல் மெதுவாகச் சுழற்றி, அடியில் படிந்த ஈஸ்ட்டை எழுப்புங்கள். நாலு நாள் பொறுங்கள். அவசரப்பட்டு அந்த நிலையில் பாட்டிலில் அடைத்தால், மிச்சச் சர்க்கரை உள்ளே நொதித்துக் கண்ணாடி வெடிக்கும். வீட்டில் பீர் போடும் எங்கள் குழுவில் ஒருவருடைய அலமாரியில் அப்படி ஆறு பாட்டில் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. நல்லவேளை, கதவு மூடியிருந்தது.

பாட்டிலில் அடைப்பது

பீரில் கேஸ் வருவதற்காக ஈஸ்ட்டுக்குக் கடைசியாகக் கொஞ்சம் சர்க்கரை கொடுக்கிறோம். லிட்டருக்கு 5 கிராம் போதும். 50 கிராம் சாதாரணச் சர்க்கரையை ஒரு டம்ளர் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆற்றி, கிருமி நீக்கிய இன்னொரு பாத்திரத்தில் ஊற்றி, அதன் மேல் பீரைச் சைஃபன் குழாயால் சத்தமில்லாமல் இறக்குங்கள். குழாயை வாயால் உறிஞ்சித் தொடங்கக் கூடாது. வாளியின் அடியில் இருக்கும் வண்டல் வரக் கூடாது. கரண்டியால் ஒருமுறை மெதுவாகச் சுற்றிவிட்டுப் பாட்டில்களில் நிரப்புங்கள். மேலே இரண்டு விரல் இடம் விடுங்கள். பீர் வந்த பாட்டில்களையே திரும்பப் பயன்படுத்துங்கள். அழுத்தம் தாங்கும்படி செய்தவை அவை. ஜூஸ் பாட்டில், ஊறுகாய் ஜாடி எதுவும் உதவாது.

ஒரே ஒரு பாட்டிலை மட்டும் சோடா வந்த பிளாஸ்டிக் பாட்டிலாக வைத்துக்கொள்ளுங்கள். நிரப்பியபோது அமுக்கினால் நெகிழும். இறுகக் கல்லானால் மற்ற பாட்டில்களிலும் கேஸ் ஏறிவிட்டது என்று பொருள். எல்லாவற்றையும் 20 டிகிரி பக்கத்தில், மூடிய பெட்டிக்குள் இரண்டு வாரம் வையுங்கள். பிறகு குளிர்ந்த இடம்.

நான் முதன்முதலில் குழுவுக்கு எடுத்துப் போன பாட்டிலைத் திறந்ததும் பச்சை ஆப்பிள் வாடை அடித்தது. மாதத்துக்கு ஒருநாள் பப்பின் பின்னறையில் கூடுவோம். முப்பது வருஷமாகப் பீர் போடும் பெரியவர் ஒருவர் முகர்ந்துவிட்டுக் கேட்டார்.

“பாட்டிலில் அடைத்து எத்தனை நாள் ஆகிறது?”

“ஆறு நாள்.”

“வாளியில்?”

“எட்டு நாள்.”

“மற்ற பாட்டில்களைத் தொடாமல் மூன்று வாரம் கழித்து ஒன்று கொண்டுவாருங்கள்.”

கொண்டுபோனேன். ஆப்பிள் வாடையைக் காணோம். வேலையை முடிக்காத ஈஸ்ட் விட்டுவைக்கும் பொருளின் வாடை அது. நேரம் கொடுத்தால் அதுவே தின்று தீர்த்துவிடும். வெண்ணெய் வாடையும் பல சமயம் அப்படித்தான், பொறுத்தால் போகும். ஆஸ்பத்திரி வாடை, நகப்பூச்சு வாடை, அட்டைப்பெட்டி வாடை மூன்றும் போகாது. முறையே தண்ணீர், வெப்பம், காற்று என்று தவறு நடந்த இடத்தைக் குறித்துக்கொண்டு அடுத்ததில் திருத்துங்கள். வினிகர் புளிப்பு என்றால் கிருமி. குழாயையும் ஏர்லாக்கையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள், அவை மலிவு.

இரண்டாம் முறையும் இதே பீரையே போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மாம்பழம், காப்பி, ஏலக்காய் என்று மனம் அலையும். ஒரே செய்முறையை மூன்று முறை போட்டால்தான் உங்கள் அடுப்பு, உங்கள் தண்ணீர், உங்கள் அலமாரி எப்படி என்று பிடிபடும். ஒரு நோட்டில் தேதி, மால்ட் போட்டபோது இருந்த வெப்பம், தொடக்க அளவு, வாளியின் பட்டை தினமும் காட்டிய டிகிரி, இறுதி அளவு ஆகியவற்றை எழுதிவையுங்கள். யாரிடமாவது சந்தேகம் கேட்கும்போது இந்த ஐந்தையும் சொன்னால் பதில் உடனே கிடைக்கும்.

ஊற்றும்போது பாட்டிலைச் சாய்த்து, இடையில் நிமிர்த்தாமல் ஒரே மூச்சில் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றுங்கள். அடியில் மெல்லிய வண்டல் இருக்கும், கடைசி ஒரு விரலைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள். ரொம்பக் குளிரவைக்காதீர்கள். 12 டிகிரியில்தான் கோல்டிங்ஸின் மணம் எழும். காலி பாட்டிலை அன்றிரவே மூன்று முறை வெந்நீரால் அலசிக் கவிழ்த்து வையுங்கள். வண்டல் காய்ந்து ஒட்டிவிட்டால் அடுத்த முறை ஒவ்வொன்றுக்கும் தூரிகை விட வேண்டியிருக்கும்.